சீட் கிடைச்சாச்சு, விசா எங்கே? ஜூலை 1-ந்தேதியை எண்ணித் தவிக்கும் இளம் டாக்டர்கள்!

சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கம் காலையில் பஸ்சில் போகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். அமெரிக்க துணைத்தூதரகத்தின் முன்னே நீண்ட வரிசை. கையில் காகிதக் கட்டு. முகத்தில் கவலை. கூட வந்த அப்பா, அம்மா ஓரமாக நிற்பார்கள்.

மே, ஜூன் மாதங்களில் அந்த வரிசையில் எம்.பி.பி.எஸ். முடித்த இளம் டாக்டர்களும் சேர்ந்து கொள்வார்கள். அவர்களுக்கு ஒரு கெடு உண்டு. அதுதான் ஜூலை 1-ந்தேதி!

100 நாள் ஓட்டம்

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் 'ரெசிடென்சி' பயிற்சி பெரும்பாலும் அன்றுதான் தொடங்குகிறது. வெளிநாட்டில் படித்த டாக்டர் அங்கே தொழில் பார்க்க, பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் பயிற்சி தேவை.

சீட் பிடிப்பது லேசான காரியம் அல்ல. யு.எஸ்.எம்.எல்.இ. பரீட்சைகளில் பாஸ் பண்ணணும். பல ஆஸ்பத்திரிகளுக்கு மனு போடணும். செலவு லட்சக்கணக்கில் ஓடும்.

டாக்டர் எந்த ஆஸ்பத்திரியைக் கேட்கிறார், ஆஸ்பத்திரி எந்த டாக்டரைக் கேட்கிறது என்று கம்ப்யூட்டர் பார்த்து ஜோடி சேர்க்கும். கல்யாணப் பொருத்தம் மாதிரிதான்! மார்ச் 3-வது வாரம் முடிவு வரும்.

அங்கிருந்து ஜூலை 1 வரை சுமார் 100 நாள். அதற்குள் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் வரணும். டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் சான்று வாங்கணும். பிறகு 'டி.எஸ்.2019' படிவம். அது கைக்கு வந்த பிறகே ஜே-1 விசா பேட்டி!

2025-ல் விழுந்த இடி

2025-ல் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் படித்த 6,600-க்கும் அதிகமான டாக்டர்களுக்கு சீட் கிடைத்தது. பலர் பெட்டி கட்டிக் கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, மே 27-ந்தேதி அமெரிக்க வெளியுறவுத்துறை ஒரு உத்தரவு போட்டது. மாணவர் விசாவுக்கும் ஜே-1 விசாவுக்கும் புதிய பேட்டி தேதி தருவதை உலகம் முழுவதும் நிறுத்தச் சொன்னது. முன்பே தேதி வாங்கியவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் திகைத்துப் போனார்கள்.

அந்த நாட்களில் இப்படிப்பட்ட வீடுகளில் ராத்திரி நடந்த பேச்சு இதுதான். கடையைப் பூட்டிவிட்டு வந்த அப்பா கேட்பார்: "என்னம்மா, இன்னும் தூங்கலையா?" கம்ப்யூட்டரை விட்டு கண் எடுக்காமல் மகள் சொல்வாள்: "தேதி திறக்குதான்னு பார்க்கிறேன்ப்பா. நீங்க படுங்க." அப்பாவுக்கும் தூக்கம் வராது!

ஜூன் 18-ந்தேதி தடை விலகியது. டாக்டர்களுக்கு முன்னுரிமை என்றும் சொன்னார்கள். ஆனால் புது நிபந்தனை ஒன்று வந்தது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கணும். ஜூலை 1-க்கு மிச்சம் இருந்ததோ 13 நாள்தான்!

நஷ்டம் யாருக்கு?

ஆஸ்பத்திரி காத்திருந்தால் சரி. கைவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து மனு போடணும். நினைத்தவுடன் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறவும் முடியாது. ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டும்.

நஷ்டம் இவர்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் சுமார் 4 டாக்டர்களில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். ஒருவர் வராவிட்டால் அவருடைய நைட் டூட்டி மற்றவர்கள் தலையில். காத்துக் கிடப்பது நோயாளி!

எச்-1பி என்ற மாற்று வழியும் குறுகியது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கான மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள்.

இனிஷியல் ஜாக்கிரதை!

உத்தரவுகள் நம் கையில் இல்லை. காகிதங்கள் நம் கையில் உண்டு. நம் ஊர் சர்டிபிகேட்டில் 'இனிஷியல்' இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் அதைச் சரிசெய்யவே வாரக்கணக்கில் ஓடிவிடும். பரீட்சைக்கு மனு போடும் முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.

ஸ்டெதஸ்கோப் ரெடி. பெட்டியும் ரெடி. பாஸ்போர்ட்டில் ஒட்ட வேண்டிய ஒரு ஸ்டிக்கர்தான் பாக்கி!