முட்டைக் கோழியின் ஆசனவாய்க் கோளாறுகள்

நம் சங்கத்து அங்கத்தினர்கள் பலருடைய இல்லங்களில், தறிக்கும் வயலுக்கும் துணையாக, புழக்கடையில் நான்கைந்து கோழிகள் மேய்வதைக் காண்கிறோம். முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளின் கையிலேயே சேருகிறது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும், உப்பு புளிச் செலவுக்கும் அது உதவுகிறது. ஆகவே, போனது ஒரு கோழிதானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது.

கோழிக்கு நோய் என்றவுடன் அதன் கொண்டையையும் கண்ணையும் மூக்கையும் பார்க்கிறோம். வாலைத் தூக்கிப் பார்ப்பவர் வெகு சிலரே. ஆனால், முட்டைக் கோழியைத் திடீரென்று கொண்டுபோகும் கோளாறுகளில் பல, வாலின் அடியில்தான் முதலில் தென்படுகின்றன. இதை நாம் நஷ்டப்பட்டே அறிந்தோம். முதன்முறையாக முட்டையிடத் தொடங்கியிருந்த நம் வீட்டுப் பெட்டை ஒன்று, ஒரு நாள் மாலை வாலைத் தாழ்த்திக்கொண்டு மூலையில் நின்றது. களைப்பாக இருக்கும் என்று எண்ணி, மற்றக் கோழிகளோடு சேர்த்தே கூட்டை அடைத்தோம். விடிந்து திறந்தபோது அதன் பின்புறத்தில் சிவந்த சதை வெளியே தள்ளியிருந்தது. உடனிருந்த கோழிகள் அதைக் கொத்திக் குடலையே இழுத்துவிட்டிருந்தன. அன்று மாலையே அதனை ஒரு கூடைக்குள் தனியாக விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

ஒரே வாயில்

கோழிக்கு எச்சம் கழிக்கவும் முட்டையிடவும் வெளிவாயில் ஒன்றே. எச்சத்தின் மேல் காணப்படும் வெண்மையான பகுதியே அதன் சிறுநீர். முட்டை வெளிவரும் சமயத்தில், கருக்குழாயின் கடைசிப் பகுதி சற்றே வெளிப்புறம் புரண்டு, எச்சம் படாதவாறு முட்டையை வெளியே விட்டு, உடனே உள்ளே திரும்பிவிடும். இயற்கையின் இந்த ஏற்பாட்டில் தடங்கல் ஏற்படுவதே சில பெருந்தொல்லைகளுக்கு மூலகாரணம்.

நன்றாக முட்டையிடும் கோழியின் ஆசனவாய் அகன்று, ஈரப்பசையோடு வெளிறிய நிறமாக இருக்கும். முட்டையிடாத கோழிக்கு அது சுருங்கி உலர்ந்திருக்கும். கோழிகள் கூட்டில் அடைந்தபின், விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது சுலபம். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

எச்சம் ஒட்டிய இறகு

ஆசனவாயைச் சுற்றிய இறகுகளில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால், கழிச்சல் இருக்கிறது என்று பொருள். இடையிடையே பழுப்பு நிறத்தில் பசை போன்ற எச்சம் விழுவது இயல்பானது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கோழி உறங்கி வழிந்து, இறக்கையைத் தொங்கவிட்டால் அது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயாக இருக்கலாம். அந்நோய் வந்தபின் தீர்க்க மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே காப்பு. அத்தகைய கோழியை உடனே பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

குடற்புழுவாலோ தீவனக் கோளாற்றாலோ வரும் கழிச்சலுக்கு அந்தந்தக் காரணத்தை நீக்க வேண்டும். அதுவரை இறகை அப்படியே விட்டுவைத்தல் கூடாது. வெதுவெதுப்பான நீரால் ஊறவைத்துக் கழுவி, பிரியாத இறகைக் கத்தரியால் நறுக்கி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். பிடித்து இழுத்தால் தோல் கிழியும். மழைக்காலத்தில் அசுத்தமான ஈர இறகில் ஈ முட்டையிட்டு, ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

கழுவிய பின்னும் துர்நாற்றத்தோடு வெண்ணிறப் பசை ஒழுகி, சுற்றியுள்ள தோல் சிவந்து புண்பட்டிருந்தால், அது ஆசனவாயின் உட்புற அழற்சி. பூஞ்சணம் பிடித்த தீவனமும், மருத்துவரைக் கேளாமல் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இதற்கு வழிவகுக்கக்கூடும். மருத்துவர் பார்த்துச் சொல்லும் மருந்தே இதற்கு ஏற்றது.

பேனும் செள்ளும்

ஆசனவாயைச் சுற்றியுள்ள இடம் வெதுவெதுப்பும் ஈரமும் உடையது. ஆதலால், பேனும் செள்ளும் அங்கேதான் முதலில் குடியேறுகின்றன. இறகை ஒதுக்கிப் பார்த்தால் பேன் ஓடுவது தெரியும். இறகின் அடியில் அதன் முட்டைகள் வெண்மையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். செள் மிகுந்தால் அங்குள்ள இறகு அழுக்கேறிக் கறுத்துத் தோன்றும். இரத்தம் குறைந்து கொண்டை வெளுக்கும், முட்டையும் குறையும்.

கோழி புரள்வதற்கு உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழியொன்று எப்போதும் இருத்தல் வேண்டும். மருந்து தேவைப்பட்டால் கோழிக்கென்றே தயாரித்ததை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு முறை போட்ட மருந்து முட்டைகளைக் கொல்லாது. அவை பொரித்தபின், ஏழு முதல் பத்து நாட்களுக்குள் இரண்டாம் முறையும் போட வேண்டும். கூட்டின் இடுக்குகளையும் சுத்தம் செய்வது அவசியம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் தெளிப்பது பெருந்தவறு. கோழி சாகும்; சாகாவிட்டால், அந்த நஞ்சு முட்டை வழியாக நம் குழந்தைகளையே வந்து சேரும்.

முட்டை அடைப்பு

கோழி அடிக்கடி கூட்டிற்குப் போய் முக்கி, முட்டையிடாமல் திரும்பி, வாலைத் தாழ்த்தி உடலை நிமிர்த்தி நின்றால், முட்டை வழியில் அடைத்திருக்கிறது எனலாம். வயிற்றின் அடிப்பாகத்தை மெல்லத் தொட்டால் முட்டை கையில் தட்டுப்படுவதும் உண்டு. கை பொறுக்கும் சூடுள்ள நீரில் வயிறு நனையுமாறு இருபது நிமிடம் கோழியை அமர்த்தி, பின் துடைத்து, ஆசனவாயில் தேங்காய் எண்ணெய் தடவி, இருளும் வெதுவெதுப்பும் உள்ள கூடையில் விடவேண்டும். பல சமயம் சில மணி நேரத்தில் முட்டை வந்துவிடும். வராவிடில் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வயிற்றை அழுத்திப் பிதுக்குவதோ, உள்ளேயே முட்டையை உடைப்பதோ கூடாது. உடைந்த ஓடு கருக்குழாயைக் கிழித்து, உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும்.

கருக்குழாய் தள்ளுதல்

பசு கன்று ஈன்றபின் கருப்பை வெளியே தள்ளுவதை அங்கத்தினர்கள் அறிவர். கோழிக்கு நேர்வதும் அது போன்றதே. புரண்ட கருக்குழாய் உள்ளே திரும்பாமல் சிவந்து தொங்கும். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தாமல் விடா. ஆகையால், முதற்காரியம் அதைத் தனியே பிரிப்பதுதான்; சிகிச்சை அதன் பிறகு.

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அந்நீரை வெதுவெதுப்பாக ஊற்றித் தள்ளிய பாகத்தைக் கழுவ வேண்டும். வீங்கியிருந்தால் அதன்மேல் சீனியைத் தூவிச் சில நிமிடம் விட்டால் நீர் வடிந்து வீக்கம் தணியும். பின்பு கையைச் சுத்தம் செய்து, விரலில் எண்ணெய் தடவி, மிக மெதுவாக உள்ளே தள்ளிவிடலாம். சில நாட்கள் வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்திருந்தால் முட்டையிடுவது தளர்ந்து, உறுப்புக்கு ஓய்வு கிடைக்கும். சதை கிழிந்தோ கறுத்தோ இருந்தால் மருத்துவரையே நாட வேண்டும். ஒரு முறை தள்ளிய கோழிக்கு மறுபடியும் தள்ளக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆதலால், வருமுன் காப்பதே மேல்.

வராமல் காப்பது எப்படி?

நாட்டுக் கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் இடும். கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்கள் 200 முட்டையை எட்டக்கூடியவை. முட்டை மிகுந்தால் கருக்குழாயின் உழைப்பும் மிகும். அதற்கேற்பத் தீவனமும் கவனிப்பும் வேண்டும்.

ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து அடங்கியுள்ளது. இச்சத்து குறைந்தால் ஓடு மெலிவதோடு, முட்டையைத் தள்ளும் தசைகளும் வலுவிழக்கும். கிளிஞ்சல் நொறுக்கை ஒரு சிறு சட்டியில் தனியே வைத்தால், கோழி வேண்டிய அளவு தானே பொறுக்கிக்கொள்ளும். வெற்றிலைச் சுண்ணாம்பை வைக்கலாகாது; அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். எந்நேரமும் சோறும் தானியமும் தின்று கொழுத்த கோழிக்கு அடைப்பும் தள்ளலும் எளிதில் வரும். கீரையும் மேய்ச்சலும், நாள் முழுதும் நிழலில் தூய நீரும் கிடைக்கச் செய்யுங்கள்.

நெசவாளர் இல்லங்களுக்கு இன்னொன்றையும் கூற வேண்டும். கோழி முட்டையிடும் பருவத்தை வெளிச்சம் முடுக்கிவிடும். தறிக் கொட்டகையில் இரவு நெடுநேரம் எரியும் விளக்கு, வளரும் பெட்டைகளின் கூட்டில் படுமானால், உடல் முற்றுமுன்னரே அவை முட்டையிடத் தொடங்கக்கூடும். அடிதள்ளும் ஆபத்து அத்தகைய பெட்டைகளுக்கே அதிகம். கூட்டை அந்த வெளிச்சத்திலிருந்து விலக்கி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. நான்கு கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டியை இருளான மூலையில் வைத்தால், புரண்டு திரும்பும் கருக்குழாய் பிற கோழிகளின் கண்ணில் படாமல் தப்பும்.

நோயுற்ற கோழியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை மருத்துவர் குறிக்கும் நாள் வரை உண்ணவோ விற்கவோ வேண்டாம். பல கோழிகள் ஒருசேர இறந்தால், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்திற்கு அறிவியுங்கள்.

நூல் இழை அறுந்தால் அந்தக் கணமே தறியை நிறுத்திப் பிணைக்கிறோம். பயிரில் பூச்சி கண்டால் அன்றே கவனிக்கிறோம். அந்தக் கவனத்தில் ஒரு சிறு பங்கைப் புழக்கடைக் கோழிக்கும் அளிப்போமாக. வாரம் ஒரு மாலை, ஒரு விளக்கு, அடைந்த கோழிகளின் வாலடியில் ஒரு பார்வை: இவ்வளவே நாம் வேண்டுவது. ஐயம் தோன்றும் கோழியை அன்றிரவே தனிக் கூடையில் விடுங்கள். நாம் செய்யத் தவறியதும் அதுதான்.