ஏற்காட்டுக் குளிருக்கு ஒரு சொரசொரப்புப் பின்னல்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சுமார் 5,000 அடி உயரம். மார்கழியில் பொழுது சாய்ந்தாலே வெடவெடக்கும். கைக்குழந்தைக்குப் பின்னுகிறவர்கள் வலை மாதிரி பூவேலை போடாதீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஓட்டையில் குளிரும் நுழையும், பிஞ்சு விரலும் மாட்டிக்கொள்ளும்! சிங்கிள் குரோஷா, டபிள் குரோஷா இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் நெருக்கமாக, மேலே சொரசொரவென்று வரும்.

4 மி.மீ. குரோஷா ஊசி, மிருதுவான உல்லன் நூல் போதும். முதலில் 31 சங்கிலி. ஊசியை ஒட்டிய சங்கிலியை விட்டுவிட்டு, அடுத்ததில் ஒரு சிங்கிள்: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் இரண்டு வளையம் இருக்கும், மறுபடி நூலை மாட்டி இரண்டின் வழியாகவும் இழுங்கள். அதற்கடுத்ததில் டபிள்: நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நுழைத்து இழுங்கள். மூன்று வளையம் வரும், இரண்டிரண்டாகக் கழற்றுங்கள். வரிசை டபிளில் முடியும். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, டபிள் மேல் சிங்கிள், சிங்கிள் மேல் டபிள். அவ்வளவுதான், எல்லா வரிசையும் இதேதான்!

வரிசைக்கு 30 கண் இருக்கணும், எண்ணிக்கொண்டே வாருங்கள். நூலை இறுக்கினால் அட்டை மாதிரி விறைத்துப் போகும். போர்வைக்கு அகலம் கூட்டும்போது சங்கிலி ஒற்றைப்படையாகவே இருக்கட்டும்.

குஞ்சலம் வேண்டாம், குழந்தை வாயில் வைக்கும். மடியில் இருக்கும்போது போர்த்துங்கள். ஒரு வயதுக்குள் தூங்கப் போடும்போது எடுத்துவிடுங்கள், முகத்தை மூடிவிடும்.