மனநிறைவு தரும் தொழில் எது?

படிப்பை முடித்த மகனுக்கோ மகளுக்கோ எந்த வேலை பொருந்தும் என்னும் கேள்வி இன்று கிராமங்களில் வீட்டுக்கு வீடு எழுந்துள்ளது. பெற்றோர் பலர் இரண்டே அளவுகோல்களைக் கொண்டு இதற்கு விடை காண்கின்றனர். மாதச் சம்பளம் எவ்வளவு என்பது ஒன்று. அது சர்க்கார் உத்தியோகமா என்பது மற்றொன்று. இவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆயினும், இவற்றை மட்டுமே கருதி நிலத்தை அடகு வைத்துத் தரகரிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. வேலை கிடைத்த பின்னர் ஓராண்டுக்குள் மனம் வெறுத்து ஊர் திரும்பியவர்களும் உண்டு. ஆகவே, தொழிலில் மனநிறைவு எதனால் உண்டாகிறது என்பதை ஆராய்வது நமக்குப் பயனுடையதாகும்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய துணைவர்களும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் விசாரித்து, 1959ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டனர். வேலையில் மனம் வாடிய காலத்தைப் பற்றிக் கேட்டபோது நிர்வாக விதிகள், மேலதிகாரியின் போக்கு, சம்பளம், பணியிட வசதிக் குறைவு ஆகியவை பெரிதும் வெளிவந்தன. மகிழ்ந்த காலத்தைப் பற்றிக் கேட்டபோதோ, செய்து முடித்த காரியம், கிடைத்த மதிப்பு, ஏற்ற பொறுப்பு ஆகியவையே முன்னின்றன. இப்பாகுபாடு இவ்வளவு தெளிவானதன்று எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் மறுத்துள்ளனர். எனினும் உழவர்களுக்கு இதன் சாரம் எளிதில் விளங்கும். நீர் இல்லையேல் பயிர் வாடும். ஆனால் நீரை மட்டும் பாய்ச்சிக்கொண்டிருந்தால் கதிர் முற்றிவிடாது. நல்ல ஊதியம் நீரைப் போன்றது. மண்ணின் சத்து வேலையின் தன்மையிலேயே இருத்தல் வேண்டும்.

அத்தன்மை யாது என்பதை ஹேக்மன், ஓல்டம் என்னும் இரு அறிஞர்கள் 1976ஆம் ஆண்டில் ஐந்து கூறுகளாக வகுத்தனர். அவையாவன:

1. பலவகைத் திறமைகளுக்கு இடம் இருத்தல்.
2. ஒரு காரியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்தல்.
3. அவ்வேலை பிறர் வாழ்வுக்கு உதவுதல்.
4. எப்படிச் செய்வது என்பதில் ஓரளவு சுதந்திரம் இருத்தல்.
5. நன்றாகச் செய்தோமா என்பது வேலையிலிருந்தே தெரிதல்.

விதைப்பு முதல் அறுவடை வரை தன் வயலைத் தானே பார்க்கும் விவசாயியின் தொழிலில் இவ்வைந்தும் அமைந்துள்ளன. அவரை வருத்துவது விலையும் கடனும் மழையுமே; உழவுத் தொழிலன்று. பம்புசெட் பழுது பார்ப்பவர் தொழிலும் இத்தகையதே. மோட்டார் ஓடத் தொடங்கியதும் அவர் கைத்திறன் அவருக்கும் ஊருக்கும் ஒருங்கே தெரிந்துவிடுகிறது.

இனி, தேடும் முறையைக் காண்போம். முதலில், ஊதியம், பணி நேரம், தங்குமிடம், எழுத்து மூலமான உத்தரவு ஆகியவற்றைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். வேலைக்கென முன்பணம் கேட்பவரை நம்பலாகாது. இரண்டாவதாக, அவ்வேலையை ஏற்கெனவே செய்துவரும் ஒருவரை அணுகி, காலை முதல் மாலை வரை அவர் செய்வது என்ன என்று வினவ வேண்டும். பதவியின் பெயர் கவர்ச்சியாயிருக்கலாம். நாள்தோறும் செய்யப்போவதோ அதன் பெயரையன்று. மூன்றாவதாக, இயன்றவரை செய்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் தொழில் பழகலாம். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இலவசமாகப் பயிற்சி பெறலாம். விருப்பம் முன்னே வந்து திறமை பின்னே வரும் என்று காத்திருத்தல் வேண்டா. கை பழகப் பழக விருப்பமும் வளர்வதுண்டு. போட்டித் தேர்வு எழுதுவோர் எத்தனை ஆண்டுகள் முயல்வது என்பதை முன்கூட்டியே குடும்பத்தாருடன் கலந்து வரையறுத்துக்கொள்வதும், இடையில் ஒரு கைத்தொழிலைக் கற்பதும் விவேகமாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பஞ்சாயத்தும் வேலை கொடுக்கும் ஸ்தாபனமே. குடிநீர்த் தொட்டி இயக்குபவரையும் தூய்மைக் காவலரையும் நாம் எவ்வாறு நடத்துகிறோம்? ஊதியம் உரிய நாளில் சேருகிறதா? கையுறையும் காலணியும் உள்ளனவா? இவை முதற்கடமை. அதன்பின், ஏவிய இடத்துக்கெல்லாம் ஓடச் செய்யாமல், ஒரு தெருத் தொகுதியின் முழுப் பொறுப்பையும் ஒருவரிடமே ஒப்படைக்கலாம். தொட்டி இயக்குபவர் கையில் குளோரின் சோதனைக் கருவியைக் கொடுத்து, கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் எஞ்சியுள்ளதா என அவரையே பார்த்துப் பதியச் சொல்லலாம். அப்போது அவர் வெறும் வால்வு திருப்புபவராக இரார்; ஊரின் உடல்நலத்தைக் காப்பவர் என்பதைத் தாமே உணர்வார். கிராம சபையில் அவர் பணியைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

பள்ளி இறுதி வகுப்பு மாணவர்கள் முன்னிலையில், ஆண்டுக்கு ஒரு நாளேனும், செவிலியர், தச்சர், பால் கூட்டுறவுச் சங்கச் செயலாளர், மின் பணியாளர் போன்றோரை வரவழைத்துத் தத்தம் தொழிலின் இன்பத்தையும் துன்பத்தையும் உள்ளபடி பேசச் செய்யலாம். ஊரில் தெரியாத வேலையை இளைஞர் விரும்ப வழியில்லை. தெரிந்த வேலையை மதிக்காத ஊரில் அவர்கள் தங்கவும் மாட்டார்கள். இவ்விரு குறைகளையும் நீக்குவது ஒவ்வொரு பஞ்சாயத்தின் கையிலும் உள்ளது.