ஒற்றைக் காலின் உறுதி

நாம் இரண்டு கால்களால் நடப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஊன்றிக் கவனித்தால், நடக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒற்றைக் காலே உடலைத் தாங்குகிறது என்பது விளங்கும். ஓடும்போதோ இரு கால்களும் ஒருசேர நிலத்தில் படுவதே இல்லை. ஆகவே ஒற்றைக் காலில் நிற்கும் ஆற்றல் கழைக்கூத்தாடிக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவருக்கும் வேண்டுவது.

இதனை நான் கல்லூரி நாட்களில் துன்புற்றே கற்றேன். சடுகுடு ஆட்டத்தில் ஒரு நாள் என் வலக் கணுக்கால் பிசகிற்று. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, வலியும் நீங்கியது. ஆயினும், அதன் பின்னர்ச் சமதரையில் நடக்கும்போதுகூட அக்கால் அடிக்கடி மடங்கலாயிற்று. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் என்னை அந்தக் காலில் மட்டும் நிற்கச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் தள்ளாடிச் சுவரைப் பற்றினேன். "வலி போய்விட்டது, ஆனால் உன் கால் நிற்கும் கலையை மறந்துவிட்டது" என்றார் அவர்.

அவர் சொன்னதன் பொருள் என்ன? உடலின் சமநிலையைக் காப்பவை மூன்று: கண், உட்செவி, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். பாதம் சிறிது சாய்ந்தாலும் இந்நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே தசைகள் இறுகி நம்மை நிறுத்துகின்றன. கணுக்கால் பிசகும்போது மூட்டைப் பிணைக்கும் நார்களோடு இந்நரம்புகளும் ஊறுபடலாம் என்று ஆங்கில மருத்துவர் பிரீமன் 1965ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஆடும் பலகைமேல் நின்று பழகுமாறு நோயாளிகளைப் பயிற்றுவித்தார். இத்தகைய பயிற்சி மீண்டும் பிசகுவதைக் குறைக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தியுள்ளன.

பயிற்சி எளியது. முதலில் சுவரின் அருகே ஒற்றைக் காலில் முப்பது விநாடி நில்லுங்கள். பின் கால் மாற்றுங்கள். இடுப்பு ஒரு புறம் சாய்தல் ஆகாது. அது கைவந்தபின் கண்ணை மூடி நின்று பாருங்கள். கண் செய்துவந்த உதவி எத்துணைப் பெரிது என்பது அப்போது தெரியும். அடுத்து, தாழ்வான படியொன்றில் ஒரு காலால் மெல்ல ஏறி, அதே காலின் வலிமையால் மெல்ல இறங்குங்கள். முழங்கால் உட்புறம் வளையாமல், பாதத்தின் நேரே இருத்தல் வேண்டும். நாளுக்குப் பத்து முறை போதும். வலியோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

நான் காலையில் பல் துலக்கும் நேரத்தையே இதற்கு ஒதுக்கினேன். மூன்று மாதங்களில் மீண்டும் ஆடுகளம் புகுந்தேன். அப்பழக்கத்தை இன்றும் விடவில்லை. ஏனெனில் முதுமையில் நம்மை விழாமல் காப்பதும் இவ்வாற்றலே. அதனை இளமையிலேயே ஈட்டி வையுங்கள்.