மலைத் தண்ணீருக்கு எந்தப் புரொப்பெல்லர்?

நீர்கொழும்பில் சீறிப் பாய்ந்த படகை, அதே அவுட்போர்ட் என்ஜினோடு மவுசாகலை நீர்த்தேக்கத்தில் இறக்கினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு முக்கும். உடனே என்ஜினைப் பிரித்துப் போட வேண்டாம். குறை காற்றில் இருக்கிறது. நீர்த்தேக்கம் இருக்கும் மஸ்கெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரம். இங்கே காற்று ஐதானது. எரிபொருளை எரிக்கக் கிடைக்கும் ஒட்சிசனும் குறைவு. 1,000 அடிக்குச் சுமார் 3 வீத வலு போய்விடும் என்பது பொதுக் கணக்கு. 40 குதிரைவலு என்ஜின் இங்கு 35தான்.

இனிப் புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் பொறித்திருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது விட்டம், அடுத்தது பிட்ச்; இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 13 என்றால், தண்ணீர் வழுக்கிக்கொடுக்காவிட்டால் ஒரு சுற்றுக்குப் படகு 13 அங்குலம் முன்னேறும். (வழுக்கத்தான் செய்யும், அது வேறு கதை.) வலு குறைந்த என்ஜினுக்குப் பிட்ச் கூடிய புரொப்பெல்லர், டாப் கியரில் ஹட்டன் ஏற்றம் ஏறும் லொறி மாதிரி.

எது பொருத்தம் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, சுற்றுமானிதான் சொல்லும். வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சாமானையும் ஏற்றி, திறொட்டிலை முழுதாகத் திறந்து ஓட்டுங்கள். கைநூலில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்றிருக்க, மானி 4,900இல் நின்றால் பிட்ச் அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். 13ஐக் கழற்றி 10 போட்டால் 5,350ஐத் தாண்டும். உச்ச வேகம் கடலில் கிடைத்த அளவுக்கு வராதுதான். ஆனால் படகு சட்டென்று எழும், என்ஜினும் திணறாது.

உலோகத்தையும் யோசிக்க வேண்டும். மவுசாகலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றும்போது மூழ்கிய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். பாதி வற்றிய காலத்தில் அந்தச் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். துருப்பிடிக்காத உருக்கு இதழ் எளிதில் வளையாது. சுவரில் பட்ட அடி, குடத்துக்குள் இருக்கும் இறப்பர் புஷ்ஷையும் மீறி கியருக்குப் போகலாம். அலுமினியம் வளைந்தோ உடைந்தோ தானே அடியை வாங்கிக்கொள்ளும், விலையும் மலிவு. இங்கே அலுமினியம்தான் என் தெரிவு.

கழற்றிய பழைய புரொப்பெல்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். படகு மறுபடி கடலுக்கு இறங்கினால் அதையே மாட்ட வேண்டும். மலைக்குப் போட்ட குறைந்த பிட்சில் ஓட்டினால் என்ஜின் வரம்பை மீறிச் சுற்றும்.