உடைந்த கட்டையைத் தூக்கி எறியாதீர்கள்

கெனத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்களுக்கு ஜவளகிரியும் அஞ்செட்டியும் பழகிய ஊர்ப் பெயர்கள். பெங்களூர்க்காரரான அவர் தூக்கியது .405 வின்செஸ்டர், 1895 மாடல். தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் அதே ரகம்தான். அந்தக் காலத்து ரைபிள்கள் இன்னும் இந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவற்றுக்கு வேட்டை வேலை கிடையாது. ஆனாலும் லைசென்சைப் புதுப்பித்து, எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கும் பேரன்கள் உண்டு. துடைத்தால் இரும்பு நிற்கிறது, மரம் நிற்பதில்லை. எண்ணெய் ஊறிக் கறுத்துப் போகும், பிடிக்குப் பக்கத்தில் பிளக்கும்.

நான் மரவேலைக்காரன். கட்டில், நாற்காலிதான் தொழில். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர், துப்பாக்கியின் மரப்பகுதியான கட்டையில் வேலை வந்தால் கூப்பிடுவார். அவர் கடையிலேயே உட்கார்ந்து செய்து கொடுப்பேன். உரிமம் இல்லாத பட்டறையில் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

“ஒரிஜினல் மாதிரியே இருக்கணும் மேஸ்திரி” என்பார்கள். எந்த ஒரிஜினல்? அந்த 1895 மாடலிலேயே, தோளில் படும் அடித்தகடு பிறை வடிவிலும் வந்தது, தட்டையாகவும் வந்தது. பிடி நேராக இருக்கும். ஆர்டர் கொடுத்தவருக்கு வளைத்தும் கொடுத்தார்கள். வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் அமெரிக்காவில் கோடி என்ற நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆரம்பகாலத் துப்பாக்கியாக இருந்தால், வரிசை எண்ணைச் சொல்லிக் கேட்டு அது எப்படி வெளியே போனதென்று தெரிந்துகொள்ளலாம். பதிவேடு ரகத்தைச் சொல்லும், அவ்வளவுதான். மேட்டையும் பள்ளத்தையும் சொல்ல உடைந்த கட்டையை விட்டால் வேறு ஆளில்லை. அதைத்தான் முதல் வேலையாகக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறார்கள்!

அமெரிக்கத் தொழிற்சாலைகளும் கட்டையைப் பார்த்துத்தான் கட்டை செய்தன. 1819-ல் தாமஸ் பிளான்சர்ட் கண்டுபிடித்த கடைசல் எந்திரத்தில், மாதிரிக் கட்டையின் மேல் ஒரு சக்கரம் உருளும். அது ஏறி இறங்குகிறபடியே பக்கத்தில் வெட்டும் சக்கரம் புது மரத்தைச் செதுக்கும். என்னிடம் அந்த எந்திரம் இல்லை. உடைந்த துண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து ஒட்டி, போன மூலையை மெழுகால் நிரப்பி, அதன் வளைவுக்கு அங்குலத்துக்கு ஓர் அட்டை வெட்டிக்கொள்கிறேன். விசையிலிருந்து கட்டையின் குதிகால்வரை நீளம், குழலின் கோட்டிலிருந்து எவ்வளவு இறக்கம், இரண்டையும் எழுதிக்கொள்வேன். இங்கிலாந்து ரைபிள் என்றால் பக்கவாட்டுச் சாய்வையும் பார்க்க வேண்டும். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்காகக் கட்டையை லேசாக வெளியே ஒதுக்கியிருப்பார்கள். கோணல் என்று நினைத்து நிமிர்த்தினால் போச்சு.

மரம் அக்ரூட். காஷ்மீரில் அந்த மரத்தை வெட்ட 1969 முதல் அனுமதி வேண்டும். நன்றாகக் காய்ந்த பலகை கிடைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவசரக்காரர்கள் ஈட்டியில் கேட்பார்கள். அழகான மரம்தான், ஆனால் எடை கூடும், துப்பாக்கி பின்பக்கம் சாயும்.

இரும்பை உள்ளே உட்கார வைப்பதில்தான் பொறுமை தீரும். இரும்பின் மேல் விளக்குக் கரியை ஏற்றி மரத்தில் அழுத்தி எடுப்பேன். கறுப்பு ஒட்டிய இடம் இடிக்கிற இடம். அதை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி சீவல். ஒரே ஓர் இடத்தில் மட்டும், இரும்பின் மேல்வால் முடியும் முனைக்குப் பின்னால், காகிதம் நுழையும் அளவுக்கு வேண்டுமென்றே இடம் விடுவேன். இல்லாவிட்டால், .405 உதைக்கும் உதைப்பில் அந்த வால் ஆப்பாக இறங்கிக் கட்டையைப் பிளந்துவிடும். பழைய கட்டைகள் அங்கேதான் பிளந்திருக்கும்.

சிலவற்றில் தாத்தா தன் தோளுக்கேற்ப அரை அங்குலம் அறுத்திருப்பார். பேரனுக்குத் தாத்தாவின் அளவும் வேண்டும், கம்பெனி அளவும் வேண்டும். நான் கம்பெனி நீளத்துக்கே செய்கிறேன். பின்னால் மனசு மாறினால் அறுத்துக்கொள்ளலாம். அறுத்ததை வளர்க்க முடியாது. தாத்தாவின் அளவு பழைய கட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதில் துப்பாக்கி எண்ணை எழுதி, துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுகிறேன்.