பத்து விநாடித் தாவல்: பார்ப்பவரின் உரிமைகளும் காப்புகளும்

யூடியூபில் ஓடும் காணொளியின் வலப்பக்கத்தை இருமுறை தட்டினால் படம் முன்னே தாவும்; இடப்பக்கம் தட்டினால் பின்னே வரும். இந்தத் தாவல் வழக்கமாக 10 விநாடி. இந்த அளவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. திண்டுக்கல்லில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர், புரியாத ஒரு வரியைத் திரும்பக் கேட்க 5 விநாடி பின்னே போனால் போதும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வந்து நீண்ட விவாதம் பார்ப்பவருக்கு 30 விநாடித் தாவல் வசதி. கைநடுக்கம் உள்ள முதியவருக்கோ இருமுறை தட்டுவதே சிரமம். பார்ப்பவர் தம் நேரத்தைத் தாமே ஆள்வதற்கு இந்தச் சிறு வசதியும் தேவை.

அளவை மாற்றும் வழி

யூடியூப் செயலியின் அமைப்புகளில், இருமுறை தட்டும் தாவலை 5 விநாடி முதல் 60 விநாடி வரை மாற்றிக்கொள்ளலாம். கணினியில் 'ஜே' விசை 10 விநாடி பின்னேயும், 'எல்' விசை 10 விநாடி முன்னேயும், அம்புக்குறி விசைகள் 5 விநாடியும் நகர்த்தும். 'கே' விசை நிறுத்தி வைக்கும். இறக்கி வைத்த பாடங்களை விஎல்சி பிளேயரில் பார்ப்பவர் தாவல் அளவை அதன் அமைப்புகளிலேயே மாற்றலாம். நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகளில் 10 விநாடியே நிலையாக இருக்கும். அங்கே ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஓரளவு கைகொடுக்கும். தட்ட இயலாதவர்கள், ஆண்ட்ராய்டு போனின் அணுகல் வசதிகளில் உள்ள குரல் கட்டளையைப் பயன்படுத்தலாம்.

கவனிக்க வேண்டிய இடர்கள்

முதலாவது, டேட்டா செலவு. செயலி அடுத்து வரும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைக்கும். அதைக் கடந்து தாவினால் இறக்கியது வீணாகி, புதிய பகுதி மறுபடி இறங்கும். அடிக்கடி தாவுவோர் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் செலவு குறையும்.

இரண்டாவது, போலிச் செயலிகள். 'விளம்பரமே வராது, எவ்வளவு வேண்டுமானாலும் தாவலாம்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் வரும் ஏபிகே கோப்புகள் போனில் உள்ள ஓடிபி, வங்கி விவரங்களைத் திருடக்கூடும். அதிகாரபூர்வ செயலிக் கடைக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவக் கூடாது.

மூன்றாவது, தனியுரிமை. எந்த இடத்தில் தாவினோம், எதைத் திரும்பப் பார்த்தோம் என்பதும் தரவாகச் சேர்கிறது. அதிகம் திரும்பப் பார்க்கப்பட்ட பகுதியை யூடியூப் வரைபடமாகக் காட்டுவது இத்தகைய தரவைக் கொண்டுதான். பார்வை வரலாற்றை நிறுத்தி வைக்கவும் அழிக்கவும் கூகுள் கணக்கில் வழி உண்டு.

நான்காவது, குழந்தைகள். வயது வகைப்பாடும் எச்சரிக்கையும் படத்தின் தொடக்கத்தில் வரும். தொடக்கத்தைத் தாவிவிட்டால் அவை கண்ணில் படா. குழந்தைக்குத் தனிக் கணக்குப் பக்கமும் ரகசிய எண் பூட்டும் வைப்பதே பாதுகாப்பு.

சட்டம் தரும் உரிமைகள்

தாவல் இத்தனை விநாடி இருக்க வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. அதைச் சுற்றியுள்ள சேவைக்கும் தரவுக்கும் சட்டக் காப்பு உண்டு. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் வயது வகைப்பாட்டைக் காட்ட வேண்டும்; 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான வகையிலிருந்து பெற்றோர் பூட்டு தர வேண்டும்; குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் தரவை அறியவும் திருத்தவும் அழிக்கவும் உரிமை தருகிறது. 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்த உரிமைகளும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளும் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும். சந்தாவை ரத்து செய்ய விடாமல் சிக்கவைக்கும் ஏற்பாட்டை, 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கேற்ற வசதியைக் கேட்க இது வலுவான அடிப்படை.

தீர்வு பெறும் படிகள்

விளம்பரத்தில் சொன்ன வசதி கிடைக்காவிட்டாலும், ரத்து செய்த சந்தாவுக்குப் பணம் பிடிக்கப்பட்டாலும், முதலில் திரைப்பிடிப்பு, கட்டண ரசீது, தேதி ஆகியவற்றைச் சேர்த்துவைக்க வேண்டும். அடுத்து, செயலியின் உள்ளேயே உள்ள உதவிப் பகுதி வழியாக எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தேடலில் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களை நம்பக் கூடாது. அவற்றில் மோசடி எண்களும் கலந்திருக்கும். ஓடிடி நிகழ்ச்சிகளின் உள்ளடக்கம், வகைப்பாடு பற்றிய புகாருக்குக் குறைதீர் அலுவலர் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

சேவைக் குறைக்குப் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை; இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

போலிச் செயலியால் பணம் பறிபோனால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறாமல் முடக்கப்படும் வாய்ப்பு கூடும்.